மதுரையில் எங்கே சாப்பிடலாம்? முதலில் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அக்கா, சனிக்கிழமை எட்டுப் பேரு வேன்ல வர்றோம். மதுரையில எங்கக்கா சாப்பாடு நல்லா இருக்கும்?"

இந்தக் கேள்விக்கு இருபது வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சரக்கெடுக்க வரும் வெளியூர் வியாபாரிகள், மகளின் காலேஜ் தோழிகள், கல்யாணம் காதுகுத்துக்கு வரும் சொந்தங்கள் என்று எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். "எத்தனை மணிக்கு வர்றீங்க, யாரு யாரு வர்றீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அதுவே எரிச்சல். நல்ல கடை பேரைக் கேட்டால் இவள் என்ன விசாரணை கமிஷன் வைக்கிறாள் என்று நினைப்பார்கள். ஆனால் இந்த ஊரில் ஏழு மணிக்குச் சொர்க்கமாக இருக்கும் கடைக்கு மூன்று மணிக்குப் போனால் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

காலையிலிருந்து வருகிறேன். மீனாட்சியம்மன் கோயில் நடை ஐந்து மணிக்குத் திறக்கும். சீக்கிரம் கும்பிட்டு ஏழு மணிக்கு வெளியே வந்தால் மேல மாசி வீதிக்கு நடந்தே போய்விடலாம். முருகன் இட்லிக் கடை அங்கேதான். இப்போது சென்னையிலும் சிங்கப்பூரிலும் கிளை இருக்கிறது, அங்கே சாப்பிட்டவர்களும் இருப்பீர்கள். இருந்தாலும் ஈரத் தலையோடு, நெற்றியில் குங்குமத்தோடு இங்கே உட்காருவது தனி. இலையைத் தெளித்து முடிப்பதற்குள் சட்னி வகைகள் வரிசையாக வந்து விழும். என் யோசனை ஒன்றே ஒன்று: நாலு இட்லியை மொத்தமாகச் சொல்லாதீர்கள். இரண்டு வாங்கி, அது முடிகிற நேரத்தில் அடுத்த இரண்டைச் சொல்லுங்கள். அவ்வளவு மெத்தென்ற இட்லி ஆறிவிட்டால் சாதா இட்லிதான். பொடிக்கு நல்லெண்ணெய் கேட்டு ஊற்றிக்கொள்ளுங்கள், நெய் வேண்டாம். என் மாமனார் இதில் எனக்கு எதிர்க்கட்சி.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் போனால் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டியிருக்கும். மதுரைக்காரர்களுக்கு அதில் கூச்சம் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்குத் தொண்டையில் இறங்காது.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த இடைவெளியில்தான் அசைவக்காரர்களுக்கு யோகம். தல்லாகுளம் பக்கம் அழகர்கோவில் சாலையில் அம்மா மெஸ் இருக்கிறது. கூட வருகிறவர் மீன் சாப்பிடத் தெரிந்தவராக இருந்தால் அயிரை மீன் குழம்பு வாங்கிக் கொடுங்கள். அயிரை என்பது விரல் நீளம்கூட வராத பொடி மீன், கண்மாய்ச் சேற்றில் கிடப்பது. உயிரோடு வாங்கி வந்து, பால் கலந்த தண்ணீரில் விட்டால் தின்ற மண்ணையெல்லாம் கக்கிவிடும். அப்புறம் கல்லுப்பைப் போட்டு மண்சட்டியில் உரசு உரசென்று உரசி, வழவழப்புப் போக ஏழெட்டுத் தண்ணீர் அலசவேண்டும். என் ஆத்தா இதற்கென்றே உள்பக்கம் சொரசொரப்பான ஒரு சட்டி வைத்திருந்தது. அதில் வேறெதையும் யாரும் வைக்கக் கூடாது. இத்தனை பாடுபட்டால் ஒரு கிண்ணம் குழம்பு. அதனால் விலையைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம், ஆனால் ஆர்டர் சொல்வதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். தலை, முள் என்று பிரிக்காமல் சோற்றோடு சேர்த்து முழுசாகச் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு மீனாக எடுத்து முள் பார்க்கிறவரை அங்கே கூட்டிப் போவது பாவம். அவருக்கு எலும்பு மஜ்ஜை போட்ட ஆம்லெட் சொல்லிவிடுங்கள்.

பிரியாணிதான் வேண்டும் என்பவர்களுக்குக் கீழவெளி வீதி அம்சவல்லி. வடக்கே இருந்து வந்து மூன்று நாள் இட்லி தின்று களைத்தவர்களுக்குத் தானப்ப முதலி தெருவில் மோகன் போஜனாலயா, சப்பாத்தியைக் கண்டதும் முகம் மலரும். இரண்டையும் பற்றி அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

கல்யாணம் பேசுகிற சாப்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எங்கள் குடும்பம் அடி வாங்கியிருக்கிறது. அண்ணன் மகள் நிச்சயத்துக்கு முன்னால், சம்பந்தி வீட்டாரை ராத்திரி ஒரு பரோட்டாக் கடைக்கு அழைத்துப் போனோம். கடையைக் குறை சொல்ல மாட்டேன், சால்னா அன்றைக்கு அமிர்தம். ஆனால் கல்லில் கொத்துப் பரோட்டா விழ ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்கூடக் காதில் ஏறாது. சம்பந்தி என்னவோ கேட்டார், அண்ணன் தலையாட்டினார். மறுபடி கேட்டார், மறுபடி ஆட்டினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் மதினி சொன்னார், மண்டபச் செலவு முழுக்கப் பெண் வீட்டாருடையது என்பதற்கு அண்ணன் இரண்டு தடவை சம்மதித்துவிட்டார் என்று. வாக்கு வாக்குதானே, கட்டினோம்.

அதனால் பேச்சு முக்கியம் என்றால் நான் இப்போது சொல்வது கோச்சடை ஹெரிடேஜ். அந்தக் காலத்தில் மில் துரைமார்களுக்கான கிளப்பாக இருந்த இடம். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. மரமும் நிழலுமாகக் கிடக்கும். குசுகுசுவென்று பேசினாலும் காது கேட்கும். சாப்பிடக்கூட வேண்டாம், சாயங்காலம் ஒரு காபி போதும். "ஒரு காபிக்கு இம்புட்டா?" என்று அண்ணன் கேட்கத்தான் செய்வார். மண்டபத்தைவிடக் குறைவு என்று மதினி சொல்லிக்கொள்வார்.

நாலு மணிக்கு மேல் வயசானவர்களோடு கோயிலுக்குப் போகிறீர்களா? மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை. வெள்ளையப்பமும் காரச் சட்னியும். சட்னி பெயருக்கேற்ற மாதிரி காரம், முதல் வாய்க்கே காது சூடாகும். என் அம்மா முழங்கால் வலி தாங்காமல் கோயிலைப் பாதி சுற்றிவிட்டு வந்த நாட்களில்கூட வெள்ளையப்பத்தை மட்டும் விட்டதில்லை.

சளி பிடித்தவர்களுக்குக் கடையே வேண்டாம். தெற்கு மாசி வீதிப் பக்கம் சாயங்காலத்தில் முள்ளுமுருங்கை அடை போடுவார்கள். இலையை அரிசியோடு அரைத்து, தட்டி எண்ணெயில் போட்டால் பச்சைப் பசேலென்று உப்பி வரும். மேலே இட்லிப் பொடியைத் தூவி, தாளில் வைத்துக் கையில் கொடுப்பார்கள். சௌராஷ்டிர வீட்டு அம்மாக்கள் கைப்பக்குவம். அதைச் சாப்பிட்டுவிட்டு, சுக்குத் தட்டிப்போட்ட ஒரு டம்ளர் பருத்திப்பாலும் குடித்தால் மூக்கு தானாக வழிவிடும்.

ராத்திரி கறி தோசை. சிம்மக்கல் கோனார் கடை. நட்பாக இரண்டு மூன்று பேர் போகவேண்டிய இடம். கல்லுக்கு நேராக உட்கார இடம் கிடைத்தால் விடாதீர்கள். மாவை ஊத்தப்பம் மாதிரி கனமாக ஊற்றுவார். அடி வெந்து மேலே ஓட்டை விடும்போது முட்டையை அடித்து ஊற்றித் தேய்ப்பார். அதன்மேல் ஏற்கெனவே மசாலாவில் சுண்ட வெந்த கொத்துக்கறியை அள்ளி வைத்து, கரண்டி முதுகால் ஓரம்வரை பரப்புவார். முட்டை பசை மாதிரி கறியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எண்ணெயைச் சுற்றி விட்டு, ஒரே திருப்பு. கறி கல்லில் படும் அந்தச் சத்தத்தில் வாசலில் நிற்பவர் பேச்சும் நின்றுவிடும். ஒருவருக்கு ஒன்று போதும். வீரம் பேசி இரண்டாவது சொன்னவர்கள் பாதியை என் இலையில் வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் சந்தோஷமான சந்தர்ப்பங்கள். அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்த பதினோரு நாளும் நான் சாப்பிட்டது வெளியே ஒரு தள்ளுவண்டியில். ராத்திரி இரண்டு மணிக்கும் இட்லிக் கொப்பரையில் ஆவி பறக்கும். முதல் நாள் பார்சல் கேட்டபோது அந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கவுகளுக்கா, உனக்கா?" என்றது. இரண்டு பேருக்கும் என்றேன். அப்பாவுக்கு உள்ளதில் காரச் சட்னி வைக்கவில்லை, தண்ணியாகக் கொஞ்சம் சாம்பாரும் பருப்புப் பொடியும் மட்டும். எனக்கு ஒரு இட்லி சேர்த்து வைத்தது. காசு வாங்கவில்லை என்று கதை சொல்ல மாட்டேன், வாங்கியது, சரியாக எண்ணி வாங்கியது. இப்போது அந்த இடத்தில் வேறு வண்டி நிற்கிறது. ஆனாலும் கோரிப்பாளையம் பக்கம் விசாலம் காபிக்குப் போகும்போதெல்லாம் ரோட்டைத் தாண்டி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் டம்ளரைக் கையில் எடுப்பேன்.

சரி, கோயம்புத்தூர் வேனுக்கு வருகிறேன். பதினொரு மணிக்கு வந்துவிடுவோம் என்றவர்கள் வந்து இறங்கியது மூன்றேகாலுக்கு. சாப்பாடு முடிந்து, டிபன் தொடங்காத நேரம். கோயில் நடையும் சாத்தியிருக்கிறது. அப்படிப்பட்ட நேரத்துக்கு மதுரையில் ஒரே மருந்து விளக்குத்தூணில் இருக்கிறது. 1840-களில் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்கு அது. எங்களுக்கு அது ஜிகர்தண்டா கடைக்கு வழி சொல்லும் அடையாளம், அவ்வளவுதான். எட்டுப் பேரையும் வெயிலில் வரிசையாக நிறுத்திக் கையில் டம்ளரைக் கொடுத்தேன். சுண்டிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். ஸ்பூனால் கலக்கப்போன தம்பி மனைவியின் கையைப் பிடித்துத் தடுத்தேன். முதலில் மேலே உள்ளதைச் சாப்பிட வேண்டும், கலக்கல் எல்லாம் பாதிக்கு மேல்தான். அவனுடைய மாமனார், வந்த நேரத்திலிருந்து உர்ரென்று இருந்தவர், இரண்டாவது டம்ளருக்குத் தானே போய் நின்றார்.

கறி தோசைக்கு எட்டுப் பேரும் ஒன்றாக உட்கார முடியாது என்று முன்பே சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. நாலு பேர் சாப்பிட, நாலு பேர் வாசலில் நின்று வாசம் பிடித்தார்கள், பிறகு இடம் மாறினார்கள். கிளம்புகிற வழியில் ரயில்வே ஸ்டேஷன் எதிரே பிரேமா விலாஸில் நிறுத்தச் சொல்லி, சூடான அல்வாவை நின்றபடி சாப்பிட வைத்து, வீட்டுக்கு என்று அரைக் கிலோ பார்சலும் கட்டிக் கொடுத்தேன்.

ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தது. "அக்கா, இன்னும் திண்டுக்கல்லே தாண்டல. அல்வா தீர்ந்து போச்சு."