தீப்பெட்டி அளவு கிடார் ஆம்ப்பின் சர்க்யூட்டை வரைந்தெடுத்த அனுபவம்

அக்கா மகன் கிடார் பழகுகிறான். கடலூர் முதுநகரில் அவர்கள் இருப்பது பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால் ராத்திரி வாசிப்பதெல்லாம் ஹெட்போனில்தான். கிடாரின் சாக்கெட்டிலேயே நேராகச் செருகிக்கொள்ளும் சின்ன ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் கருவி) ஒன்று வைத்திருந்தான். பரீட்சை முடியும் வரை அதைத் தொடவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், உள்ளே இருந்த இரண்டு ட்ரிபிள் ஏ செல்களும் கசிந்து, ஸ்பிரிங்கெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

"மாமா, புது செல் போட்டா சத்தம் வருது. ஆனா கிழிஞ்ச ஸ்பீக்கர் மாதிரி வருது."

திறந்தேன். அல்கலைன் செல்லிலிருந்து கசிவது காரம். அதனால் முதலில் காது குடையும் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தேன், அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். சுத்தமானதும் சேதம் தெரிந்தது. ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரெசிஸ்டரின் (மின்தடை) ஒரு முனை கரைந்து போயிருந்தது. அதன் முதுகில் இருந்த எண்ணும் போய்விட்டது.

என்ன மதிப்பு போடுவது? சர்க்யூட் படம் எங்கும் கிடைக்கவில்லை. குத்துமதிப்பாக ஒன்றைப் போடுவது, என்ன நோய் என்று தெரியாமல் மாத்திரை கொடுப்பது மாதிரி. அந்த ரெசிஸ்டர் அங்கே என்ன வேலை பார்த்தது என்று தெரிந்தால்தான் மதிப்பு தெரியும். சரி, முழுப் பலகையையும் வரைந்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். நான்கு ராத்திரி ஆனது.

பலகையின் இரண்டு பக்கத்தையும் மொபைலில் நேர் மேலிருந்து படம் எடுத்து, பின்பக்கப் படத்தை மட்டும் இடவலமாகத் திருப்பினேன். அப்படித் திருப்பினால்தான் இரண்டு படத்திலும் துளைகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டையும் ஏ4 தாளில் பெரிதாக எடுத்துக்கொண்டேன். பலகைக்குப் பின்னால் டார்ச் அடித்தால் செப்புத் தடங்கள் நிழலாகத் தெரியும். சிவப்பு பென்சிலால் பிளஸ் தடம், கறுப்பால் மைனஸ் தடம், மற்றதற்கெல்லாம் வேறு வேறு நிறம்.

எட்டுக் கால் ஐசி, அதாவது சில்லு, இரண்டு இருந்தன. ஒன்றில் டிடிஏ2822எம் என்று தெளிவாக இருந்தது. பாக்கெட் ரேடியோக்களில் நிறையப் பார்த்த ஐசி, 1.8 வோல்ட்டிலேயே வேலை செய்யும். இரண்டாவது காலில் பிளஸ், நான்காவதில் மைனஸ், ஒன்றிலும் மூன்றிலும் அவுட்புட். இன்னொரு ஐசியின் எழுத்தைச் சுரண்டிவிட்டிருந்தார்கள். ஆனால் கால்களைச் சுரண்ட முடியாதே. எட்டாவது கால் பிளஸ்ஸுக்கும் நான்காவது மைனஸுக்கும் போகிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒரு பாதை, ஏழிலிருந்து ஆறுக்கு இன்னொன்று. உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று) இருக்கும் ஐசிக்கு உரிய அமைப்பு இது. எழுத்தே இல்லாமல் அதை அடையாளம் கண்ட அந்த நிமிஷம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ரெசிஸ்டர்களில் சிக்கல் இல்லை. 103 என்றால் 10 கிலோ ஓம், 472 என்றால் 4.7 கிலோ, 105 என்றால் 1 மெகா. பலகையில் வைத்தே அளந்தால் பக்கத்துப் பாதைகளும் சேர்ந்து குறைவாகக் காட்டும். அதனால் மீட்டரை விட முதுகில் உள்ள எண்ணையே நம்பினேன். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் செராமிக் கெப்பாசிட்டர்தான் படுத்தியது. அதில் எண்ணே கிடையாது. ஒவ்வொன்றாகக் கழற்றி, அளந்து, தாளில் குறித்து, திரும்ப அதே இடத்தில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒரு கடுகைச் சாமணத்தில் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பது போன்ற வேலை. ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் செய்தேன்.

இரண்டு இடத்தில் தவறினேன். முதலாவது, இரண்டு இடம் இணைந்திருந்தால் மீட்டர் போடும் பீப் சத்தத்தை நம்பியது. என் மீட்டர் சுமார் 40 ஓமுக்குக் கீழே எது இருந்தாலும் கத்தும். அவுட்புட்டில் 4.7 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக மைனஸுக்குப் போகின்றன. ஆம்ப் தானாக ஊளையிடாமல் தடுக்க வைப்பது அது. அந்த ரெசிஸ்டரை வெறும் கம்பி என்று வரைந்துவிட்டேன். அதற்குப் பிறகு, பீப் கேட்ட எல்லா இடத்தையும் 200 ஓம் ரேஞ்சில் மறுபடி அளந்தேன்.

இரண்டாவது தவறுதான் இரண்டு ராத்திரியை விழுங்கியது. கிடார் உள்ளே வரும் இடத்தில் இருந்த 1 மெகா ரெசிஸ்டரின் மறுமுனையும், இன்னும் சில பாகங்களும் ஒரே தடத்தில் போய்ச் சேர்ந்தன. செல் போட்டு அளந்தேன்: பூஜ்யம் வோல்ட். அப்படியானால் அது கிரவுண்ட் என்று கறுப்புப் பென்சிலால் தீட்டிவிட்டேன். அப்படி வரைந்த படத்தில் எதுவுமே புரியவில்லை. ஒரே செல் ஜோடியில் ஓடும் ஆப்-ஆம்ப்பின் இன்புட்டை நேராகக் கிரவுண்டில் கட்டினால், கிடார் அலையின் கீழ்ப்பாதி எங்கே போகும்? பூஜ்யத்துக்குக் கீழே போக வோல்ட்டே இல்லையே.

மூன்றாம் ராத்திரி செல்லைக் கழற்றிவிட்டு, அந்தத் தடத்துக்கும் மைனஸுக்கும் இடையே ஓம் அளந்தேன். 10 கிலோ. அது கிரவுண்டே இல்லை. மைனஸுக்கு ஒரு 103 ரெசிஸ்டரும் ஒரு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும் போகின்றன. பிளஸ்ஸிலிருந்து வரவேண்டிய ஜோடி ரெசிஸ்டரின் இடம், நம் கரைந்துபோன இடம்! மேலே ஒன்று, கீழே ஒன்று, சமமான இரண்டு ரெசிஸ்டர் 3 வோல்ட்டைப் பாதியாகப் பிரித்து, 1.5 வோல்ட்டில் ஒரு நடுக்கோட்டை உண்டாக்குகின்றன. அலை அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் ஆட வேண்டும். மேல் ரெசிஸ்டர் போனதால் நடுக்கோடு தரையில் விழுந்து, பாதி அலைதான் வெளியே வந்தது. கிழிந்த சத்தத்துக்குக் காரணம் இதுதான். கீழே 103 இருப்பதால் மேலேயும் 103 தான்.

ஒரு பழைய செட்டாப் பாக்ஸ் பலகையிலிருந்து 103 ஒன்றைக் கழற்றிப் போட்டேன். தடத்தில் 1.49 வோல்ட்.

கோளாறு தீர்ந்தாலும் படத்தை விட மனசு வரவில்லை. பலகையில் இருக்கும் வரிசையை மறந்துவிட்டு, இடமிருந்து வலமாகச் சத்தம் போகும் வழியில் திரும்ப வரைந்தேன். அப்போதுதான் அதன் அழகு தெரிந்தது. முதல் ஆப்-ஆம்ப்பின் பின்னூட்டப் பாதையில் (அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திரும்பும் வழி), கெயின் குமிழுக்குக் (பெருக்கத்தைக் கூட்டிக் குறைப்பது) குறுக்கே, எதிரெதிர் திசையில் இரண்டு டையோடு. அலை ஒரு அளவுக்கு மேல் போனால் அவை கடத்தி, உச்சியை வெட்டிக் கரகரப்பாக்கும். அதோடு 4.7 கிலோ ரெசிஸ்டரும் 47 நானோஃபாரட் கெப்பாசிட்டரும். கணக்குப் போட்டால் சுமார் 720 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே பெருக்கம் குறையும், அதனால் தடித்த கம்பிகளின் சத்தம் கரகரப்பில் குழம்பிப் போகாது. கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடலிலும் இதே ஜோடி மதிப்புதான். பெடலில் வேலை செய்யும் அதே யோசனை இந்தத் தீப்பெட்டிக்குள்ளும் இருந்தது. அடுத்து டோன், வால்யூம், பிறகு 2822. கிடார் மோனோ என்பதால் அதன் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சிக்னல். ஒவ்வொரு காதுக்கும் 220 மைக்ரோஃபாரட் வழியாக வெளியே.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் தாளை விரித்து அவனுக்குக் காட்டினேன். விரலை வைத்துத் தடம் தடமாகப் போனான். டையோடில் நின்றான்.

"இந்த இடத்துல சிவப்பு எல்இடி போட்டா சத்தம் வேற மாதிரி வரும்ல மாமா?"

"எல்இடி கிட்டத்தட்ட 1.8 வோல்ட்டுலதான் கடத்தும்" என்று மட்டும் சொன்னேன்.

அவன் தாளில் நடுக்கோட்டுக்குத் திரும்பிப் போனான். அங்கே எழுதியிருந்த 1.5-ஐப் பார்த்தான். மேலே பிளஸ் வரைக்கும் விரலால் ஏறினான்.

"இங்கேருந்து மேல 1.5 தானே இருக்கு. அப்போ எல்இடி கடத்தவே கடத்தாது" என்றான்.