பைத்தானைத் தாங்குபவர்களுக்கு ஒரு கடிதம்: மன்னார்குடி நாட்குறிப்பு

ஜூன் 9

மாலை வகுப்புக்கு வரும் பிளஸ் டூ மாணவர்களுடன் சேர்ந்து, பைத்தான் நிரல்மொழியைத் தாங்கி நிற்பவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுவதென்று இன்று முடிவு செய்தேன். சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து வந்து தமிழ்வழியில் படிக்கும் இவர்களுக்குப் பைத்தான் ஒரு தேர்வுப் பாடம். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் அது தங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதை இவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

"கைடோ வான் ரோசமுக்குத்தானே சார் எழுதணும்?" என்று ஒருவன் கேட்டான். 1991-இல் முதல் பதிப்பை வெளியிட்ட அவருக்கு முதல் மரியாதை உண்டு. ஆனால் 2018-இல் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய பிறகும் மொழி தேங்கிவிடவில்லை. ஐவர் கொண்ட வழிநடத்தும் குழுவும் பல நாடுகளின் தன்னார்வலர்களும் அதை வளர்த்து வருகிறார்கள். கடிதம் அவர்கள் எல்லாருக்குமாக இருக்க வேண்டும் என்றேன்.

ஜூன் 13

எதற்காக நன்றி சொல்கிறோம் என்பது நமக்கே தெளிவாக வேண்டும் என்பதால், மாணவர்கள் தங்கள் வீட்டு வயல்களின் மகசூலைக் கணக்கிட எழுதிய சிறு நிரலைத் திரையில் வைத்துப் பார்த்தோம். ஆடுதுறை_36, பொன்னி என்று நெல் ரகங்களின் பெயர்களையே மாறிகளுக்கு, அதாவது நிரலில் மதிப்புகளைச் சேமித்து வைக்கும் இடங்களுக்கு, வைத்திருந்தார்கள். பைத்தான் அவற்றை அப்படியே ஏற்பதற்குக் காரணம், பிற மொழி எழுத்துகளிலும் பெயர் வைக்க இடம் தர வேண்டும் என்று 2007-இல் மார்ட்டின் வான் லோவிஸ் முன்வைத்த பரிந்துரை. அது 2008 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் நடைமுறைக்கு வந்தது.

‘பொ’ என்ற எழுத்தை, உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொது முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: பகரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் இரண்டு குறிகளாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு மாணவி முதல் விதத்திலும் அவளுடைய தோழி இரண்டாம் விதத்திலும் பொன்னி என்று எழுதினாலும், பைத்தான் நிரலைப் படிக்கும்போதே இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து ஒரே மாறியாகக் கொள்கிறது. மேற்கோள் குறிக்குள் சரமாக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, எழுதினால் மட்டும் அவை வெவ்வேறாகின்றன; சரத்தின் நீளத்தைக் குறி குறியாக எண்ணும் லென் செயற்கூறு ஒன்றுக்கு 6 என்றும் மற்றதற்கு 7 என்றும் விடை தருகிறது. நாம் எண்ணுவதுபோல் மூன்று எழுத்தென்று எண்ண ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. அதையும் தன்னார்வலர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நம் எழுத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்களுக்குப் பெயரளவில் ஒரு வரி எழுதி நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜூன் 14

பணம் கொடுப்பவர்களைப் பற்றியும் எழுதினோம். 2001-இல் தொடங்கப்பட்ட பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை, தனிமனிதர்களின் சந்தாவாலும் நிறுவனங்களின் ஆதரவாலும் நடக்கிறது. 2021-இல் கூகுள் தந்த நிதியால்தான், பலரும் எழுதி அனுப்பிக் குவிந்து கிடக்கும் நிரல் மாற்றங்களைச் சரிபார்க்க முழுநேரமாக ஒருவரை அமர்த்த அதனால் முடிந்தது.

ஜூன் 21

பைத்தானில் பிழைகளைக் கண்டு தெரிவிப்பவர்களையும் அதன் விளக்க ஆவணங்களைத் திருத்துபவர்களையும் கடிதத்தில் எங்கே சேர்ப்பது என்ற பேச்சு நீண்டது. இவர்களுடைய உழைப்பு குடிமராமத்து போன்றது என்றேன்; மேட்டூர்த் தண்ணீர் வருமுன் ஊர் கூடி வாய்க்காலைத் தூர்வாருவதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் ஆதலால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர்களுக்கான பத்தியைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே வைத்தோம்.

தமிழில் இரண்டு பக்கமும் அதன் ஆங்கில ஆக்கமும் இன்று அறக்கட்டளைக்குச் சென்றன. மாணவர்கள் திரட்டிய சிறு தொகையை என் பெயரில் நன்கொடையாகச் செலுத்தினேன். ஆவணத்தில் தங்களுக்குப் புரியாத ஒரு பத்தியைக் குறித்துக் கருத்து அனுப்ப இரண்டு மாணவிகள் விரும்புகிறார்கள். அடுத்த வகுப்பில் அவர்களுடன் உட்கார்ந்து அதை எழுத வேண்டும்.