ஒன்பது மா நிலமும் ஒரு சம்பாவும்

ஆகஸ்ட் 3, 2024, சனி

இன்று ஆடிப்பெருக்கு. வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய மேட்டூர் அணையை இந்த ஆண்டு ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள்; அதற்குள் எங்களுக்குக் குறுகிய கால நெல் போடும் குறுவைப் பட்டம் கைவிட்டுப் போய்விட்டது. இப்போது அணை 120 அடியும் நிரம்பி, மிஞ்சிய நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தலைஞாயிறு பக்கம், காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருக்கும் எங்கள் வாய்க்காலிலோ படைப்பதற்குக்கூடத் தண்ணீர் இல்லை. அம்மா அடிபம்பில் ஒரு குடம் அடித்து வந்து, அதன் முன்னால் காப்பரிசி வைத்துக் கும்பிட்டார்.

ஆகஸ்ட் 24, சனி

எங்களுடையது ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். அடுத்து வரும் நீண்ட காலப் பட்டமான சம்பாவுக்கு நாற்று விட்டு நடுவதா, காய்ந்த புழுதியில் நேரடியாக விதைப்பதா என்று ஒரு வாரமாகப் பேச்சு நடக்கிறது. நாற்றுக்கு ஆற்று நீர் நிச்சயமாக வந்தாக வேண்டும். புழுதி விதைப்புக்கு ஒரு நல்ல மழை போதும். ஆனால் அந்த மழை அரைகுறையாகப் பெய்து முளையை மட்டும் கிளப்பிவிட்டு நின்றுபோனால் விதை நெல் மொத்தமும் வீணாகிவிடும்.

இந்த ஊரில் விதைக்கும் நாளைத் தீர்மானிப்பது ஆற்றில் தண்ணீர் வரும் நாளல்ல, நவம்பரில் வயல் மூழ்கும் நாள் என்பதே என் கணக்கு. அன்றைக்குப் பயிர் முழங்கால் உயரம் இருந்தால் பிழைக்கும், சாண் உயரத்தில் இருந்தால் அழுகும். ஆகையால் காத்திருக்காமல் செப்டம்பர் முதல் பாதியிலேயே விதைத்துவிடுவதென்றும், 155 நாள் வயதுள்ள சி.ஆர். 1009 சப் 1 ரகத்தையே போடுவதென்றும் முடிவு செய்தேன். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து வெள்ளம் தாங்கும் குணத்தை எடுத்து, நம் பழைய சி.ஆர். 1009-இல் சேர்த்து உருவாக்கிய ரகம் இது. முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும் என்கிறார்கள். பெரியப்பாவிடம் சொன்னபோது, "ரெண்டு வாரம்னு நெல்லுக்குத் தெரியுது தம்பி, வடிகாலுக்குல்ல தெரியணும்" என்றார்.

செப்டம்பர் 9, திங்கள்

விதைத்தாயிற்று. ஏக்கருக்கு 30 கிலோ வீதம் மூன்று மூட்டை. முந்தாநாள் உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிட்டு, அதன் தலை எட்டணா அகலத்துக்கு வெளியே தெரியும்வரை உப்பைச் சேர்த்து, அதில் நெல்லைக் கொட்டி மிதந்த பதரை அரித்தெடுத்தோம். அடியில் தங்கியதை இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, ஒரு விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தினோம். இப்படிச் செய்த விதை ஈரம் குறைந்தாலும் சற்றுப் பொறுக்கும். ஊறிய விதையைத் திரும்ப உலர்த்துவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கூப்பிட்ட விருந்தாளியை வாசலிலேயே நிறுத்துவது போல இருக்கிறதாம்.

செப்டம்பர் 21, சனி

மழை இல்லை. வெயில் சித்திரை போலக் காய்கிறது. காலையில் மயில்களை விரட்டிவிட்டு, மேட்டு வயலில் ஆறு இடங்களில் மண்ணை விரலால் கிளறிப் பார்த்தேன். ஐந்து இடங்களில் நெல் போட்டபடியே கிடந்தது, ஆறாவதில் எறும்பு கொண்டுபோயிருந்தது. முளைக்காமல் கிடப்பதைக் கண்டு ஒருவன் நிம்மதி அடைவது இந்த விதைப்பில் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 26, வியாழன்

இருபத்திரண்டாம் தேதி இரவு இரண்டு மணி நேரம் நன்றாகப் பெய்தது. இன்று வரப்பில் குந்தி, கண்ணைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால் வயல் முழுதும் ஊசி ஊசியாகப் பச்சை தெரிகிறது. நிமிர்ந்து நின்றால் வெறும் மண்தான். பயிரின் வயதை இன்றிலிருந்து எண்ணுகிறேன்.

அக்டோபர் 16, புதன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை ஆய்வு மையம் நேற்று அறிவித்தது. பயிருக்கு இருபது நாள். கோரை நெல்லை முந்திக்கொண்டு நிற்கிறது. ஆள் வைத்துக் களை பறித்து, அடர்ந்த இடங்களில் பிடுங்கிய பயிரைச் சொட்டை விழுந்த இடங்களில் நட்டோம். நடவுச் செலவு மிச்சம் என்று நான் போட்ட கணக்கில் பாதியைக் களைக்கூலி தின்றுவிட்டது.

நவம்பர் 14, வியாழன்

கிராம நிர்வாக அலுவலரிடம் பயிர்ச் சான்றான அடங்கல் வாங்கிப் பயிர்க் காப்பீடு செய்துவிட்டேன். காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடுதான் நாங்கள் கட்டுவது. ஆனால் என் வயலில் விளைந்ததைப் பார்த்து இழப்பீடு தருவதில்லை. கிராம அளவில் சோதனை அறுவடை நடத்தி, வரும் சராசரியை வைத்தே தருகிறார்கள். மேட்டுக்காரர் வயல் நன்றாக விளைந்தால் பள்ளத்துக்காரனுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். எனக்கோ இரண்டும் இருக்கிறது.

பயிர் முழங்காலைத் தொடுகிறது.

நவம்பர் 27, புதன்

நேற்றிலிருந்து விடாத மழை. வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையோரமாக வடக்கே நகர்கிறது. மேட்டு வயலில் தோகை பாதி வெளியே தெரிகிறது. பள்ளத்து வயல் மூன்று மாவும் ஏரிபோல இருக்கிறது. வரப்பு எங்கே என்பதைக் காலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்து நின்றதை நாங்கள் ஏழு பேர் கயிறு கட்டி இழுத்தோம். இழுத்த பிறகும் தண்ணீர் இறங்கவில்லை, கடலும் ஏற்றத்தில் இருப்பதால் ஆறு வாங்க மாட்டேன் என்கிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டது. இங்கே நேற்று மாலைதான் பள்ளத்து வயலில் தோகை தெரிந்தது, ஒவ்வொரு தோகையிலும் வண்டல் படிந்து காகிதம் போலப் படுத்திருக்கிறது. பெரியப்பா வரப்பில் நின்று கொண்டு, "வேரப் பாரு, இலையப் பாக்காத" என்றார். ஒரு குத்தைப் பிடுங்கிக் கழுவினேன். பழைய வேர் பழுப்பேறி, உருவினால் தோல் கையோடு வந்தது. அதற்கு மேலே, கழுத்தை ஒட்டி, அரை விரல் நீளத்தில் வெள்ளையாக நான்கு வேர்கள். அடுத்த குத்தில் இரண்டு. வடிகாலை ஒட்டிய மூலையில் பிடுங்கிய குத்தில் ஒன்றுகூட இல்லை.

ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு என்ற கணக்கில் கலந்து இரவு முழுதும் வைத்திருக்கிறேன். காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து, தண்ணீர் வடிந்த இடத்தில் மட்டும் தூவ வேண்டும். அந்த மூலைக்கு மேட்டு வயலிலிருந்து, குத்தில் கிளைத்து நிற்கும் தூரைப் பிரித்து நடலாம் என்கிறார் அம்மா. நாளைக்கு இரண்டு ஆள் சொல்லியிருக்கிறேன்.