பெட்ரோல் படும் இடத்துக்கு எந்தப் பெயின்ட்?

நான் வாங்கிய பழைய காரின் பெட்ரோல் டேங்க், முதல் பார்வைக்குப் புதிது போல மின்னியது. முன்பு வைத்திருந்தவர் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார். ஆனால் மூடியைச் சுற்றி அந்தப் பெயின்ட் காய்ச்சிய பாலின் ஆடை போலச் சுருங்கிக் கிடந்தது. நகம் பட்டாலே உரிந்தது. எஞ்சினிலும் கார்புரேட்டருக்கு நேர் கீழே, கசிவு வழிந்த தடத்தில் வெறும் இரும்புதான் தெரிந்தது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். எதை அடிப்பது என்பதில்தான் நேரம் போயிற்று.

'பெட்ரோலைத் தாங்கும்' என்று எழுதிய டப்பாக்களுக்குப் பஞ்சமில்லை. எவ்வளவு நேரம் தாங்கும் என்று மட்டும் டப்பாவில் இருக்காது. அதற்குத் தயாரிப்பாளர் தரும் தொழில்நுட்பக் குறிப்பைப் பார்க்க வேண்டும். நல்ல குறிப்பில் இரண்டையும் பிரித்துச் சொல்லியிருப்பார்கள்: சிந்தித் துடைக்கப்படும் பெட்ரோல் வேறு, பெட்ரோலிலேயே ஊறிக் கிடப்பது வேறு. டேங்கின் வெளிப்புறத்துக்கு முதலாவது போதும். எஞ்சின் பெயின்ட் டப்பாக்களில் பெரிய எழுத்தில் இருக்கும் வெப்ப அளவு இன்னும் ஏமாற்றக்கூடியது. வெப்பத்தைத் தாங்குவதும் பெட்ரோலைத் தாங்குவதும் தனித்தனிக் குணங்கள். புகைக்குழாய்க்கு அடிக்கும் சிலிக்கோன் பெயின்ட் அபாரமான சூட்டைத் தாங்கும். ஆனால் ஒருமுறை நன்றாகச் சூடேறி இறுகும்வரை அது மென்மையாகத்தான் இருக்கும்.

காரணம் எளிதுதான். சாதாரண லேக்கர் வகைப் பெயின்ட், தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. மறுபடி தின்னர் பட்டால் மறுபடி கரையும். பெட்ரோலில் டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் உண்டு, தின்னரிலும் அவையே. எனாமல் பெயின்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி ஓரளவு இறுகுவதால் சில துளிகளைச் சமாளிக்கும், நனைந்தே இருந்தால் இளகிவிடும். ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் எப்பாக்சியும் பாலியூரித்தேனும் அப்படியல்ல. அவற்றில் நடப்பது வேதிவினை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பின்னியதைப் பெட்ரோலால் எளிதில் பிரிக்க முடியாது. ஸ்பிரே டப்பாவிலும் இந்த வகை கிடைக்கிறது: அடியிலுள்ள குமிழை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் கலக்கும், அதன்பின் டப்பாவை வைத்திருந்து பயன்படுத்த முடியாது.

படித்ததை நம்பி நேராக டேங்க்கில் அடிக்க மனம் வரவில்லை. தகட்டுத் துண்டுகளில் ஒவ்வொரு வகையையும் அடித்துக் காயவிட்டேன். பெட்ரோலில் நனைத்த பஞ்சை மேலே வைத்து, ஆவியாகாமல் இருக்கப் பாட்டில் மூடியால் கவிழ்த்து வைத்தேன். திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கும் தீப்பொறியைத் தேடிப் பிடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலையே பயன்படுத்தினேன். எத்தனால் கலக்காத பெட்ரோலைத் தாங்கிய பூச்சுகளில் சில எத்தனாலுக்குத் தோற்றுப்போகும் என்பதால், கலப்பில்லாத பெட்ரோலில் செய்யும் சோதனைக்கு இன்று பொருளில்லை.

சாதாரண ஸ்பிரே பெயின்ட் பஞ்சை எடுக்கும் முன்பே சுருங்கிவிட்டது. எஞ்சின் எனாமல், டப்பாவில் சொன்னபடி சூடேற்றிய துண்டில் நின்றது, சூடேற்றாத துண்டில் பிசுபிசுத்தது. எப்பாக்சியில் மாற்றமே இல்லை. பாலியூரித்தேனில்தான் சுவையான செய்தி. மறுநாளே சோதித்த துண்டில் மூடியின் வட்டம் அப்படியே பதிந்தது. ஒரு வாரம் ஆறப்போட்ட துண்டில் ஒரு கறையும் இல்லை. தொட்டால் ஒட்டாமல் காய்ந்திருப்பதும் உள்வரை இறுகியிருப்பதும் வெவ்வேறு நிலைகள். பெட்ரோல் பட்டுக் கெட்டுப்போகும் 'நல்ல பெயின்ட்' பலவற்றின் கதை இந்த அவசரமாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

பவுடர் கோட்டிங்கும் மனதில் இருந்தது. ரசாயனங்களை நன்றாகத் தாங்கும். ஆனால் அதைச் சூளையில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சுட வேண்டும். என் டேங்கின் மூட்டுகளோ ஈயப் பற்று வைத்தவை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். டேங்க் போய்த் தகடுகள் திரும்பி வரும்! ஆகவே பற்று இல்லாத ஏர் ஃபில்ட்டர் உறையை மட்டும் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தேன்.

பழைய டேங்க் பலவற்றில் தகட்டின் மேலேயே ஈயக் கலவைப் பூச்சு இருக்கும். அதனால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவில்லை. தண்ணீர் விட்டுத் தேய்த்தேன், தூசி பறக்கவில்லை. எண்ணெய்ப் பசை போனதா என்று பார்க்கத் தண்ணீர் தெளித்தேன். முத்து முத்தாகத் திரண்டால் பசை இன்னும் இருக்கிறது. ஏடாகப் பரவி நின்றால் போயிற்று. அதன் மேல் அடிப்பூச்சாக எப்பாக்சி பிரைமர். ஆசிட் கலந்த எட்ச் பிரைமரைத் தவிர்த்தேன். அந்த ஆசிட் மேலே வரும் எப்பாக்சியின் ஹார்டனரைக் கெடுத்துவிடக்கூடும்.

எப்பாக்சிக்கு வெயில் ஆகாது, நாளடைவில் சுண்ணாம்பு போலப் பொடிந்துபோகும். எனவே மேல்பூச்சு பாலியூரித்தேன். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைச் சுவாசித்து ஒருமுறை ஆஸ்துமா வந்துவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். சாதாரண முகமூடியை நம்பி இதை வீட்டில் அடிப்பது வீண் துணிச்சல். வெளியிலிருந்து தூய காற்று வரும் முகக்கவசம் வைத்திருந்த பட்டறையில் கொடுத்தேன். கூலி போனால் போகட்டும், நுரையீரலுக்கு மாற்று உதிரிபாகம் கிடைக்காது. பிரைமருக்கும் மேல்பூச்சுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போகலாம் என்பதும் குறிப்பிலேயே இருக்கும். அது தாண்டினால் மறுபடி தேய்த்துத்தான் அடிக்க வேண்டும். பளபளப்பைப் பாதியில் நிறுத்தச் சொன்னேன். முழுப் பளபளப்பு பழைய காருக்குப் பொருந்தவில்லை. முழு மங்கலில் பெட்ரோல் கறை எடுப்பாகத் தெரியும்.

கார்புரேட்டருக்குப் பெயின்டே வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதன் உடல் அலுமினியம்; தொழிற்சாலையிலும் அதற்குப் பெயின்ட் அடிக்கவில்லை. உரியும் ஒரு துணுக்கு, பெட்ரோல் பாயும் நுண்துளையான ஜெட்டை அடைத்தால் வண்டி நடுவழியில் நிற்கும். டேங்கின் உள்பக்கமும் அப்படியே. துரு அதிகமில்லாததால், உள்சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும் சீலர் எதுவும் ஊற்றவில்லை; பழைய வகைச் சீலர்கள் எத்தனாலில் இளகித் தோல் தோலாக வந்து பெட்ரோல் குழாயை அடைக்கும்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் தாங்கிக்கும் அதே எப்பாக்சியும் பாலியூரித்தேனும்தான். அங்கே எதிரி பெட்ரோல் அல்ல, பிரேக் எண்ணெய். அதில் டாட் 3, டாட் 4 (DOT 3, DOT 4) வகைகள் கிளைகால் (glycol) என்ற ரசாயனத்தைச் சார்ந்தவை. சாதாரண பெயின்டைப் பெயின்ட் ரிமூவர் போலவே தூக்கிவிடும். பாலியூரித்தேன் மேலாகத் தாங்கினாலும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறேன்.