ஸ்டாருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்

பத்தாம் வகுப்புக்கு இந்த வருடமும் ஏஞ்சி தாமஸின் ‘தி ஹேட் யூ கிவ்’ நாவலைத்தான் எடுத்திருக்கிறேன். 2017-ல் வந்த புத்தகம். அமெரிக்காவில் சில இடங்களில் பள்ளி நூலகத்திலிருந்தே இதை எடுத்திருக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பொருத்தமான நாவல் கிடைக்கவில்லை.

நாவலின் நாயகி ஸ்டார் ஒரு கறுப்பினப் பெண். அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோதே, போலீஸ் நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். கைகள் வெளியே தெரியட்டும். சட்டென்று அசையாதே. கேட்டால் மட்டும் பேசு. இந்த மூன்றையும் பலகையில் எழுதி, நாவல் முடியும்வரை அழிக்க விடமாட்டேன். வகுப்பில் பாதிப் பேருக்கு இது புதுச் செய்தி. மீதிப் பேர் தங்கள் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள்.

பேசாமல் இருந்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்று வளர்க்கப்பட்ட பெண், பதினாறு வயதில் கண்ணெதிரே நண்பன் கலீல் ஒரு போலீஸ்காரரால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு பேச வேண்டியிருக்கிறது. அவன் காரில் இருந்தது போலீஸ்காரர் நினைத்ததுபோல் துப்பாக்கி இல்லை, தலைவாரும் பிரஷ்.

காவல் நிலையத்தில் ஸ்டாரை விசாரிக்கும் பகுதிக்கு மட்டும் ஒரு முழு வகுப்பைக் கொடுத்துவிடுவேன். சுட்டவரைப் பற்றிய கேள்விகளுக்கு நீலக் கோடு, கலீலைப் பற்றியவற்றுக்குச் சிவப்பு. போகப் போகப் பக்கம் சிவந்துவிடும். “மிஸ், செத்தவனைத்தானே விசாரிக்கிறாங்க?” என்றான் கடைசி பெஞ்ச் பையன். அவள் ஏன் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை.

‘நீயாக இருந்தால் பேசியிருப்பாயா?’ என்று நான் கேட்பதே இல்லை. பிள்ளைகள் வீரம் பேசத்தான் அது உதவும். அவள் பேசுவதற்கு யார் யார் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது என்று கேட்டால் நல்ல பதில்கள் வருகின்றன. அம்மா, வக்கீல், தாய்மாமன் கார்லோஸ். கார்லோஸும் போலீஸ்தான். தன் அம்மா போலீஸில் இருப்பதாகச் சொன்ன ஒரு மாணவி, கார்லோஸைப் பற்றி மட்டுமே இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.

கிராண்ட் ஜூரி என்றால் என்னவென்று பலருக்கும் தெரிவதில்லை. வழக்குப் போடலாமா வேண்டாமா என்று பொதுமக்களில் சிலர் மூடிய அறைக்குள் முடிவு செய்வது. ஸ்டார் அங்கே போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். வழக்கு இல்லை என்றே முடிவு வருகிறது. “அப்புறம் எதுக்குப் பேசணும்?” என்று வகுப்பே கொதிக்கும். நான் சமாதானப்படுத்துவதில்லை. அதே இரவில் அவள் தெருவில் மெகாஃபோனைக் கையில் எடுக்கும் பக்கங்கள் அடுத்து வருகின்றன. அவற்றை விளக்காமல், யாருக்கு விருப்பமோ அவர்கள் எழுந்து சத்தமாக வாசிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.