அதிரும் விண்மீனும் அதைச் சுற்றும் பெருங்கோளும்: வாய்மொழித் தேர்வுக்குப் படித்த முறை

முதுநிலை இயற்பியலில் முதிர்ந்த விண்மீன்களின் அதிர்வுகளையும் அவற்றைச் சுற்றும் பெருங்கோள்களையும் நான் ஆய்வேட்டுத் தலைப்பாக எடுத்திருந்தேன். இதே தலைப்பில் வாய்மொழித் தேர்வுக்குச் செல்பவர்கள் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் கோளைக் காட்டிக்கொடுப்பது அதிர்வு அன்று. கோள் குறுக்கே கடக்கும்போது ஏற்படும் ஒளி மங்கலோ, விண்மீனின் ஆரத் திசைவேக (நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ நகரும் வேகம்) மாற்றமோதான். அதிர்வு அளந்து தருவது விண்மீனை. ஒளி மங்கலிலிருந்து கிடைப்பது இரண்டு ஆரங்களின் விகிதம் மட்டுமே என்பதால், விண்மீனின் ஆரம் பத்து விழுக்காடு பிசகினால் கோளின் ஆரமும் அதே அளவு பிசகும். தேர்வாளர்கள் பெரும்பாலும் கேள்வியை இங்கேதான் தொடங்குவார்கள்.

ஆகவே விண்மீனிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். அதிர்வின் திறன் உச்சம் பெறும் அதிர்வெண், ஒரே வகை அதிர்வுகளில் அடுத்தடுத்தவற்றுக்கு இடையிலான பெரும் இடைவெளி ஆகிய இரண்டு எண்களும் அடிப்படை. சூரியனுக்கு இவை சுமார் 3090, 135 மைக்ரோஹெர்ட்ஸ். உச்சம் 200, இடைவெளி 15 மைக்ரோஹெர்ட்ஸ், மேற்பரப்பு வெப்பநிலை 4800 கெல்வின் என்று ஒரு விண்மீனை வைத்துக்கொண்டு, அளவீட்டுத் தொடர்புகளில் (இம்மூன்றையும் சூரியனின் மதிப்புகளோடு ஒப்பிட்டு ஆரத்தையும் நிறையையும் தரும் சூத்திரங்கள்) நீங்களே கையால் போட்டுப் பாருங்கள்: ஆரம் சூரியனைப் போல் ஏறக்குறைய 4.8 மடங்கு, நிறை 1.35 மடங்கு என்று வரும். நிறைக்கான சூத்திரத்தில் இடைவெளி நான்காம் படியில் இருப்பதால், அதில் ஒரு விழுக்காட்டுப் பிழை நிறையில் நான்கு விழுக்காடாகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கும் மனப்பாடம் செய்தவருக்கும் உள்ள வேறுபாடு இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். இதே விண்மீனை வியாழன் அளவுள்ள கோள் கடந்தால் ஒளி 0.05 விழுக்காடுகூடக் குறையாது. சூரியனாக இருந்தால் ஒரு விழுக்காடு குறையும். சூரியன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்கிறது. இந்த விண்மீனுக்கு அது 83 நிமிடம். அதனால்தான் கெப்ளர் தொலைநோக்கியின் அரைமணி இடைவெளித் தரவே இதற்குப் போதுமானதாக இருந்தது.

எடுத்துக்காட்டுகளைக் குவிக்க வேண்டாம்; கெப்ளர்-56 ஒன்றை ஆழமாகப் படித்தாலே பாதித் தேர்வு முடிந்த மாதிரி. இந்தச் சிவப்பு ராட்சத விண்மீனை 10.5, 21.4 நாள் சுற்றுக்காலம் கொண்ட இரண்டு கோள்கள் கடக்கின்றன. விண்மீன் சுழல்வதால் இருமுனை அதிர்வு (விண்மீனின் இரு பாதிகளும் எதிரெதிராக அதிரும் வகை) ஒவ்வொன்றும் மூன்று கூறுகளாகப் பிரிகிறது. நாம் துருவத்தின் நேர் மேலிருந்து பார்த்தால் நடுக்கூறு மட்டும் தெரியும். நடுக்கோட்டுத் திசையிலிருந்து பார்த்தால் பக்கவாட்டுக் கூறுகள் இரண்டு மட்டும் தெரியும். கெப்ளர்-56இல் மூன்றும் தெரிகின்றன. அவற்றின் உயர விகிதத்திலிருந்து, சுழல் அச்சு நம் பார்வைக் கோட்டுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருப்பதாக 2013இல் கண்டறிந்தார்கள். கோள்களோ நம் பார்வைக் கோட்டை ஒட்டிய தளத்தில் சுற்றுகின்றன. விண்மீனின் நடுக்கோட்டுத் தளமும் கோள்களின் சுற்றுத்தளமும் ஒன்றல்ல என்பதை ஒளி வளைகோட்டை (விண்மீனின் ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடம்) கொண்டே சொல்ல முடிந்தது என்பதுதான் இந்தத் துறையின் அழகு என்று எனக்குத் தோன்றுகிறது. டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் 2019இல் வெளியான, கோள் கடக்கும் அதிரும் விண்மீனான டிஓஐ-197ஐப் பெயரளவில் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

அதிர்வே நேரடியாகக் கோளைக் காட்டியதாகச் சொல்லப்பட்ட நேர்வு வி391 பெகாசி. ஹீலியம் எரிக்கும் அந்த முதிர்ந்த விண்மீனின் துடிப்பு சுமார் ஐந்து விநாடி முந்தியும் பிந்தியும் வந்துசேர்ந்ததால், சுமார் 3.2 ஆண்டுச் சுற்றுக்காலம் கொண்ட பெருங்கோள் ஒன்று அதை அசைப்பதாக 2007இல் அறிவித்தார்கள். கோள்தான் காரணம் என்றால் எல்லாத் துடிப்புகளும் ஒரே அளவில் தள்ளிப்போக வேண்டும். கூடுதல் தரவுடன் 2018இல் மீண்டும் ஆராய்ந்தபோது இரண்டு முதன்மைத் துடிப்புகள் முழுதும் ஒத்துப்போகவில்லை. கோள் இருப்பது ஐயத்துக்குரியதாயிற்று. விடை சொல்லும்போது இவ்விரு ஆண்டுகளையும் சேர்த்தே சொல்லுங்கள். 2007உடன் நிறுத்தினால் அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.