அந்தக் கதவருகில் நின்ற நேரம்

"எங்க வீட்டுக் காத்து எப்படி இருக்கு தம்பி?" என்று அந்த அக்கா கேட்டார். "தெரியாதுக்கா" என்றேன். நடந்தது இவ்வளவுதான். வருடங்கள் ஓடிவிட்டன. அந்த ஒரு வார்த்தையை மட்டும் இன்னும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அது பொய் இல்லை. மக்கள் சுவாசிக்கும் காற்றை அளக்கும் எங்கள் ஆய்வுக்காக அவர் தோளில் குத்தியிருந்த பேட்ஜை அப்போதுதான் கழற்றி, மூடி போட்டு, நேரத்தைக் குறித்திருந்தேன். 48 மணி நேரம் அவரோடு சமையலறை, படுக்கையறை, கடை, பேருந்து என்று சுற்றி வந்த பேட்ஜ் அது. அதற்கு பம்ப் கிடையாது, சத்தம் கிடையாது. காற்றிலுள்ள ஆவிகள் தாமாகவே பரவி உள்ளே போய்க் கரியில் ஒட்டிக்கொள்ளும். அதில் எவ்வளவு பென்சீன் (பெட்ரோல் ஆவியில் இருக்கும் நச்சு ரசாயனம்) இருக்கிறது என்பது ஆய்வகத்தில் பிரித்தெடுத்து, கருவியில் ஏற்றி, திறக்காமல் கொண்டுவந்த வெற்றுப் பேட்ஜோடு ஒப்பிட்ட பிறகுதான் தெரியும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆக, எனக்குத் தெரியாது என்பது உண்மை.

ஆனால் அவர் கேட்பதற்குச் சற்று முன்னால், வீட்டுக்குள் வைத்த இரண்டாவது பேட்ஜை எடுக்கப் போகிற வழியில், வண்டி நிறுத்தும் அறைக்குப் போகும் கதவருகே நான் நின்றேன். அது வீட்டோடு ஒட்டிய அறை. கதவின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அங்கே பெட்ரோல் வாடை வந்தது. எட்டிப் பார்த்தேன். வண்டிக்குப் பக்கத்தில் மூடி சரியாகப் பொருந்தாத ஒரு பெட்ரோல் கேன், இரண்டு பெயின்ட் டப்பா, ஒரு தின்னர் பாட்டில். அந்த அறையின் சுவருக்கு இந்தப் பக்கம் அவருடைய பையன் படிக்கிற மேசை. களக் குறிப்பேட்டில் "எரிபொருள் சேமிப்பு, ஒட்டிய அறை, வாடை உண்டு" என்று எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பியபோதுதான் அவர் கேட்டார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த வாடை தெரிந்திருக்காது. தினமும் முகர்கிற வாடையை மூக்கு கொஞ்ச நாளில் விட்டுவிடும். வெளியிலிருந்து வருகிற எனக்குத்தான் தெரியும். அந்த வீட்டில் அந்த நிமிடம் நான்தான் ஒரே கருவி என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அதை நான் இன்றும் மதிக்கிறேன். எங்கள் ஆய்வில் ஒவ்வொருவரையும் இரண்டு பருவங்களில் அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று பேட்ஜ்: ஆள் மேல் ஒன்று, வீட்டுக்குள் ஒன்று, சன்னலுக்கு வெளியே ஒன்று. அவர்கள் எப்போதும் வாழ்கிறபடி வாழும்போது என்ன சுவாசிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. முதல் வருகையிலேயே "இதை எடுங்கள், அதை மூடுங்கள்" என்று நாங்கள் பேச ஆரம்பித்தால், இரண்டாவது வருகையில் அளப்பது அவர்கள் வாழ்க்கையை இல்லை, எங்கள் அறிவுரையை. ஒப்புதல் படிவத்திலும் அது தெளிவாக இருந்தது: தனிப்பட்ட முடிவுகள் ஆய்வு முடிந்த பிறகு கடிதமாக வரும். அவர் படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இந்தத் துறை எப்படி உருவானது என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கண்டிப்பு ஏன் என்று புரியும். 1980களில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் லான்ஸ் வாலஸ் நடத்திய ஆய்வில் சுமார் 600 பேர் உடம்பில் கருவி மாட்டிக்கொண்டு நடந்தார்கள். நியூ ஜெர்சியில் ரசாயன ஆலைகளுக்கு அருகே வாழ்ந்தவர்களும் அதில் உண்டு. எல்லோரும் ஆலைப் புகைபோக்கியைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் அவர்கள் சுவாசித்ததில் பெரும்பங்கு அவர்கள் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது: சிகரெட், பெயின்ட், உலர்சலவைத் துணி, பூச்சி உருண்டை. பிறகு 1990இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் 178 பேரை வைத்து நுண்துகளை அளந்தார்கள். வீட்டுக்குள்ளும் வெளியேயும் பகலில் கனமீட்டருக்குச் சராசரியாக 95 மைக்ரோகிராம் அளவில் இருக்க, ஆள் மேல் மாட்டிய கருவி மட்டும் 150 காட்டியது. ஒவ்வொருவரும் தங்களைச் சுற்றி ஒரு தூசிப் படலத்தைக் கிளப்பிக்கொண்டு நடக்கிறார்கள். தெருமுனையில் நிற்கிற கண்காணிப்பு நிலையத்துக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. ஆளை அளந்தால்தான் ஆள் சுவாசிப்பது தெரியும். அந்த ஆளை நாம் மாற்றிவிடாமல் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். இதை நான் நம்புகிறேன். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து நம்புகிறேன்.

சரி. எண் வந்தது. வெளியே வைத்த பேட்ஜைவிட வீட்டுக்குள் வைத்தது நான்கு மடங்குக்கு மேல். அவர் தோளில் இருந்தது அதற்கும் மேல். அந்த முறை அளந்த வீடுகளிலேயே அதுதான் அதிகம். கணினித் திரையில் அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த அளவில் யாரும் அன்றைக்கே மயங்கி விழ மாட்டார்கள். பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியானது, ஆனால் அது வருடக்கணக்கான கணக்கு. பாதுகாப்பான அளவு என்று ஒன்றைப் பரிந்துரைக்க முடியாது என்று உலக சுகாதார அமைப்பு 2010இல் வெளியிட்ட உட்புறக் காற்று வழிகாட்டுதலில் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கனமீட்டருக்கு 1.7 மைக்ரோகிராம் சுவாசித்தால் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாக வரலாம். 17 என்றால் பத்தாயிரத்தில் ஒருவருக்கு. இதை ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? ஒரு 48 மணி நேர அளவை வைத்து ஒரு வாழ்நாளைப் பேச முடியுமா? முடியாது. இதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் "அந்தக் கேனை வெளியே வைங்கக்கா" என்று சொல்ல இந்தக் கணக்கு எதுவுமே தேவையில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

கார்பன் மோனாக்சைடுக்கு மட்டும் எங்களிடம் ஒரு எல்லை இருந்தது. கருவி அதைத் தாண்டினால் ஆய்வாவது ஒன்றாவது, உடனே சொல்லி சன்னலைத் திறக்க வேண்டும். பென்சீனுக்கு அப்படி ஒரு எண்ணை யாரும் முன்கூட்டியே வைக்கவில்லை. வைத்திருந்தால் நான் யோசிக்க வேண்டியே இருந்திருக்காது. மெதுவாகக் கொல்வதற்கு அவசர எல்லை வைப்பது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் கடினம் என்பதற்காக அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, கதவருகில் நிற்கிற ஆளிடம் முடிவை விட்டது சரியில்லை.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது வருகை. போன உடனேயே கவனித்துவிட்டேன். வண்டி வெளியே நின்றது. அறையில் கேன் இல்லை, பெயின்ட் டப்பா இல்லை. கதவின் அடியில் பழைய துணியைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பையனின் மேசை எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"அன்னைக்கு அந்தக் கதவுகிட்ட நின்னீங்கல்ல தம்பி. நின்னு என்னமோ எழுதினீங்க. நான் கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னீங்க. ஆனா உங்க முகம் அப்படிச் சொல்லல. மறுநாளே எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

நான் என்ன பதில் சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. பேட்ஜின் மூடியைத் திறந்து, அவர் தோளில், மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் குத்தினேன். நேரத்தைக் குறித்தேன். கைக்கு ஏதாவது வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது எண் வெகுவாக இறங்கியிருந்தது. அது சன்னல் மூடிக் கிடக்கிற குளிர்காலம். வீட்டுக்குள் உண்டாவது வெளியேற வழியில்லாததால் எண் கூடியிருக்க வேண்டும். கூட்டத்தில் ஆய்வுத் தலைவர் அந்த வரியில் விரல் வைத்து, "இந்த வீட்டுல யாராவது ஏதாவது சொன்னீங்களா?" என்று கேட்டார். "நான் எதுவும் சொல்லல சார்" என்றேன். இதுவும் உண்மை. குறிப்பேட்டில் "எரிபொருள் அகற்றப்பட்டது, பங்கேற்பாளரின் சொந்த முடிவு" என்று எழுதியிருந்தேன். அதுவும் உண்மைதான். மூன்று உண்மைகள். மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் நடந்தது அதற்குள் இல்லை. அவர் முகத்தைப் படித்து முடிவெடுத்தார் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை என்பது உண்மை. ஓரத்தில் எழுத இடம் இருந்தது என்பதும் உண்மை.

ஒரு வீட்டின் ஒரு எண் சராசரியை அவ்வளவாக நகர்த்தாது என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. நகர்த்தாது என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே? நகர்த்தும் என்றால் நான் கூட்டத்தில் உண்மையை முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் எதையும் செய்யாமல், இரண்டிலும் பாதியைச் செய்தேன். ஆய்வுக்காக வாயை மூடினேன். என் மனச்சாட்சிக்காக முகத்தை மூட மறந்தேனா, அல்லது மூட வேண்டாம் என்று உள்ளே எங்கேயோ முடிவெடுத்துத்தான் அந்தக் கதவருகில் அவ்வளவு நேரம் நின்றேனா? பின்னது என்று நம்ப ஆசையாக இருக்கிறது. ஆனால் அப்படி நம்பினால், ஒரு தாய்க்கு நான் செய்த உதவி அவருடைய கூர்மையான கண்ணை நம்பித்தான் இருந்தது என்றாகிறது.

முடிவுகளைப் பங்கேற்பாளருக்குத் திருப்பிக் கொடுப்பது பற்றி இப்போது நிறைய பேசுகிறார்கள். எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்பதை ஆய்வைத் திட்டமிடும்போதே முடிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2018 அறிக்கை சொல்கிறது. நானும் அடுத்த ஆய்வில் ஒரு யோசனை வைத்தேன்: இரண்டாவது வருகையில் பேட்ஜைக் கழற்றிய அதே மணி நேரத்தில், வீட்டில் நாங்கள் கண்ணால் பார்த்ததை, மூக்கால் முகர்ந்ததைச் சொல்லிவிட வேண்டும், எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஏற்றுக்கொண்டார்கள். நல்லதுதான். ஆனால் முதல் வருகைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் இருக்கிற ஆறு மாதம் அப்படியேதான் இருக்கிறது. அந்த ஆறு மாதத்துக்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை. அளக்காமல் விட்டால் எந்த வீட்டைப் பற்றியும் எதுவும் தெரியாது. அளக்கப் போனால், தெரிந்தும் பேசாமல் திரும்பி வருகிற வீடுகள் சில இருக்கத்தான் செய்யும்.

அந்த அக்காவின் வீட்டுக்குப் பிறகு நான் என்னைப் பழக்கிக்கொண்டேன். இதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன் போலிருக்கிறது. பார்த்த இடத்தில் நிற்கக் கூடாது, எழுதக் கூடாது, நடையின் வேகம் மாறக் கூடாது, தெருவுக்கு வந்த பிறகு எழுதலாம் என்று பழகினேன். புதிதாக வந்த இரண்டு பேருக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். ஒரு வீட்டில் படுக்கையறை அலமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை நெடி முகத்தில் அடித்தது. அதே அறையில் தொட்டில் இருந்தது. நான் அதே வேகத்தில் போய் பேட்ஜை எடுத்துக்கொண்டு, அதே வேகத்தில் வெளியே வந்தேன். அந்த வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருகையில் அலமாரி அப்படியே இருந்தது.